சொத்தைப் பல்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

பல் எப்படிச் சொத்தை ஆகுது, அதை எந்த இடத்துல நிறுத்தலாம், இதுதான் இந்த எபிசோடு. நான் பல் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். அதனால ஏற்கெனவே வலி இருக்கிறவங்க நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க. வலி இன்னும் வராதவங்களுக்குத்தான் இது அதிகமா உதவும். ஏன்னு போகப் போகத் தெரியும்.

"பல்லுல பூச்சி அரிச்சிருச்சு"ன்னு நம்ம வீடுகள்ல சொல்வாங்க. கண்டங்கத்திரி விதைப் புகையை வாயில பிடிச்சா பூச்சி விழும்னு நம்புறவங்க இன்னும் இருக்காங்க. பல்லுக்குள்ள பூச்சி எதுவும் கிடையாது. பெர்லின்ல வேலை பார்த்த வில்லோபி மில்லர்ங்கிற அமெரிக்கப் பல் மருத்துவர் 1890-லயே இதை விளக்கிட்டார். வாயில இருக்கிற பாக்டீரியா நாம சாப்பிடுற சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அமிலமா மாத்துது. அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்குது.

கரையுது, திரும்பக் கட்டுது

பல்லோட மேல்தோடு எனாமல். நம்ம உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். பெரும்பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. ஆனா அமிலத்துக்கு முன்னாடி அந்தக் கடினம் எடுபடாது. பல் மேல படிஞ்சிருக்கிற வழவழப்பான படலத்துல பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினா, எனாமல்ல இருந்து தாது வெளியேற ஆரம்பிக்குது.

இதைச் சரிசெய்ற வேலை எச்சிலோடது. அது அமிலத்தை மட்டுப்படுத்தும். தன்கிட்ட இருக்கிற கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் எனாமலுக்குத் திருப்பிக் கொடுக்கும். ஒவ்வொரு நாளும் எல்லாருடைய பல்லும் கொஞ்சம் கரையுது, கொஞ்சம் திரும்பக் கட்டுது. கரையுற வேகம் கட்டுற வேகத்தை மாசக்கணக்கா ஜெயிச்சா, அதுதான் சொத்தை.

இதுல நேரம் ரொம்ப முக்கியம். 1940-கள்ல ராபர்ட் ஸ்டீஃபன்ங்கிற ஆராய்ச்சியாளர் அளந்து பார்த்தார். சர்க்கரை பட்ட சில நிமிஷத்துலயே பிஎச் சடார்னு விழுது. பழைய நிலைக்கு ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரைக்கும் ஆகுது. அந்த கிராஃபை இன்னைக்கும் ஸ்டீஃபன் வளைவுன்னுதான் சொல்றாங்க.

இப்போ ஒரு ஆபீஸ் நாளை எடுத்துக்குங்க. காலையில 10 மணிக்குச் சர்க்கரை போட்ட காபி. 11:30-க்கு டீ, கூட ரெண்டு பிஸ்கட். மதியம் சாப்பாடு. 3 மணிக்கு ஒரு கூல்டிரிங்க் பாட்டிலைத் திறந்து, 5 மணி வரைக்கும் மீட்டிங் நடுவுல ஒவ்வொரு வாயா குடிக்கிறீங்க. அந்த ரெண்டு மணி நேரமும் வளைவு மேல ஏறவே இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் கணக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்குது. இதுவே மதியச் சாப்பாட்டோட சேர்த்து மூணு குலாப் ஜாமூன் சாப்பிட்டிருந்தா, பல்லுக்கு அது ஒரே ஒரு தாக்குதல்தான். உடம்புக்கு நல்லதான்னு கேட்டா, அது வேற எபிசோடு.

இதை நிரூபிச்ச விதம்

இந்த விஷயம் நமக்குத் தெரிஞ்ச கதை கொஞ்சம் சங்கடமானது. 1945-ல இருந்து சில வருஷம், ஸ்வீடன்ல லுண்ட் நகரத்துல இருந்த விபேஹோல்ம் மருத்துவமனையில ஒரு ஆய்வு நடந்தது. அங்க இருந்தவங்க மனவளர்ச்சி குன்றியவங்க. சம்மதம் சொல்லக்கூடிய நிலையிலயே அவங்க இல்லை. சிலருக்குச் சாப்பாட்டோட சேர்த்துச் சர்க்கரை கொடுத்தாங்க. சிலருக்குச் சாப்பாட்டுக்கு நடுவுல பல்லுல ஒட்டுற மாதிரி டாஃபி. ஒரு குழுவுக்கு நாளைக்கு 24 வரைக்கும். முதல் வகையில சொத்தை கொஞ்சம்தான் கூடுச்சு. டாஃபி சாப்பிட்டவங்களுக்குப் பல மடங்கு ஏறுச்சு.

அந்த ஆய்வுக்கு அப்புறம்தான், இனிப்பை வாரம் முழுக்கக் கொறிக்காம சனிக்கிழமை மட்டும் சாப்பிடுங்கன்னு ஸ்வீடன்ல சொல்ல ஆரம்பிச்சாங்க. அங்க இன்னைக்கும் சனிக்கிழமை மிட்டாய் ஒரு வழக்கம். அந்தப் பழக்கத்துக்கான விலையை யாரோட பல் கொடுத்ததுன்னு ஞாபகம் வச்சுக்கணும்.

வலி ஏன் லேட்டா வருது?

எனாமல்ல நரம்பு கிடையாது. அதனால கரையும்போது எதுவும் தெரியாது. முதல் அறிகுறி, சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு மங்கலான வெள்ளைத் திட்டு. இந்தக் கட்டத்துல மேற்பரப்பு இன்னும் உடையலை. நாம ஒத்துழைச்சா எச்சிலும் ஃப்ளோரைடும் சேர்ந்து இதை நிறுத்த முடியும். மேற்பரப்பு உடைஞ்சு குழி விழுந்துட்டா திரும்ப வளராது. எனாமலைக் கட்டுற செல்கள் பல் முளைக்கும்போதே போயிடுது.

எனாமலுக்குக் கீழ இருக்கிற டென்டின் இன்னும் மென்மையானது. அங்க சொத்தை வேகமாப் பரவும். கூச்சம் அப்போதான் தெரிய ஆரம்பிக்கும். இன்னும் உள்ளே நரம்பு வரைக்கும் போனா தூக்கத்தைக் கெடுக்கிற வலி. இங்க ஒண்ணு கவனிங்க: கிராம்பு வச்சு சமாளிச்ச வலி ஒருநாள் தானா நின்னா, பல் சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. உள்ளே நரம்பு செத்திருக்கலாம். தொற்று வேருக்குக் கீழே போய்க்கிட்டே இருக்கும்.

சரி, என்ன பண்ணலாம்?

முதல்ல, எண்ணிக்கையைக் குறைங்க. காபி, டீயைக் கையோட குடிச்சு முடிங்க. இனிப்பைச் சாப்பாட்டோட சேர்த்துக்குங்க. நடுவுல தாகம் எடுத்தா தண்ணி.

ரெண்டாவது, ராத்திரி பல் தேய்க்கிறது. தூங்கும்போது எச்சில் சுரக்கிறது ரொம்பக் குறைஞ்சிடும், அதாவது ரிப்பேர் வேலை ஏறக்குறைய நின்னுடும். காலையில தேய்க்கிறதை யாரும் மறக்கிறதில்லை. ராத்திரிதான் விட்டுப்போகுது.

மூணாவது, பேஸ்ட் டப்பாவைத் திருப்பிப் படிங்க. ஃப்ளோரைடு 1000 பிபிஎம் அளவுல இருக்கான்னு பாருங்க. ஃப்ளோரைடு சேர்ந்து கட்டின எனாமல் அமிலத்தை இன்னும் கொஞ்சம் தாங்கும். தேய்ச்சு முடிச்சதும் நுரையைத் துப்பினா போதும். தண்ணியால கொப்பளிச்சா அந்த ஃப்ளோரைடும் சேர்ந்து போயிடும்.

"ஃப்ளோரைடு கெடுதல் இல்லையா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீர்லயே ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடிச்சு வளர்ந்தவங்க பல்லுல பழுப்புக் கறை விழும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். அது வருஷக்கணக்கா விழுங்குறதால வர்ற பிரச்சினை. பெரியவங்க பேஸ்ட்டைத் தேய்ச்சுத் துப்புறது வேற கணக்கு.

கடைசியா, பல் இடுக்குக்கு பிரஷ் போகாது, அங்க ஃப்ளாஸ் வேணும். வலி இல்லாதபோதே ஒரு செக்கப் போங்க. வெள்ளைத் திட்டை நம்மளால கண்ணாடியில கண்டுபிடிக்கிறது கஷ்டம், டாக்டரால முடியும்.

இப்போ இதைக் கேட்டுக்கிட்டே டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா, ஆறுறதுக்குள்ள முடிச்சிடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.