கடல் கடந்த வீட்டிலும் விளக்கு எரியட்டும்!
ட்ரினிடாடில் குடியேறும் குடும்பங்களுக்கு ஒரு வழித்துணை

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் சந்நிதி. காய்ந்து சருகான மாலையைக் கையில் ஏந்தியபடி ஓர் இளம் தம்பதியர் நின்றிருந்தனர். திருமணம் கைகூட வேண்டி இத்தலத்தில் மாலை பெற்றுச் செல்வோர், மணமான பின் துணையுடன் வந்து அந்தப் பழைய மாலையைச் சமர்ப்பிப்பது வழக்கமல்லவா? அந்த நன்றிக்கடனைச் செலுத்தவே முட்டுக்காட்டிலிருந்து வந்திருந்தார்கள். உடன் வந்த மணமகனின் தாயார் முகத்தில் மட்டும் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் படிந்திருந்தது.

“மகனுக்கு ட்ரினிடாடில் வேலை கிடைத்திருக்கிறது ஐயா. அடுத்த மாதம் இருவரும் புறப்படுகிறார்கள். இவன் அப்பா காலமாகி ஓராண்டுதான் ஆகிறது. அந்த ஊரில் இவன் திதி கொடுக்க முடியுமா? வீட்டில் விளக்கேற்ற வழியிருக்குமா?” என்று கேட்டார்.

கடலில் ஆழ்ந்த பூமிப்பிராட்டியை மீட்டு, இடப்பக்கம் ஏந்தி நிற்கும் ஆதிவராகரின் திருமுன் எழுந்த கேள்வி அது. அந்த அன்னைக்குச் சொன்ன பதிலையே, அதே நிலையில் இருக்கும் வாசக அன்பர்களுக்காக விரித்து எழுதுகிறோம்.

முன்னே சென்றவர்கள்

முதலில் ஓர் ஆறுதல். அது நம் வழிபாட்டை அறியாத நாடு அன்று. 1845 மே 30ஆம் நாள், ஃபதல் ரசாக் என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து சுமார் 225 பேரைக் கரும்புத் தோட்ட வேலைக்காக அங்கே இறக்கியது. 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ 1,44,000 இந்தியர்கள் அத்தீவுக்குச் சென்றனர். பெரும்பாலோர் போஜ்புரி பேசும் வட இந்தியர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் சிறு தொகையினர். ‘மதராசி’ என்றழைக்கப்பட்ட அவர்களின் வழித்தோன்றல்கள் தமிழை இழந்தார்கள். ஆனால் அம்மன் வழிபாட்டை இழக்கவில்லை. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் சென்றவர்களின் வழிவந்தோரும் இன்றும் மாரியம்மனை வணங்குகின்றனர்.

ட்ரினிடாடின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நூற்றுக்குச் சுமார் 35 பேர் இந்திய வம்சாவளியினர்; 18 பேர் இந்துக்கள். மே 30 அங்கே அரசு விடுமுறை. தீபாவளிக்கும் 1966 முதல் விடுமுறை உண்டு.

புறப்படும் முன்

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. இடையில் இறங்கி மாற வேண்டும். அமெரிக்கா வழியாகச் செல்வதானால், விமானம் மாறுவதற்காக மட்டுமே இறங்கினாலும் அந்நாட்டு விசா தேவை. பயணச்சீட்டு வாங்கும் முன்பே இதைக் கவனியுங்கள். வேலைக்குச் செல்பவர், வேலை அனுமதிப் பத்திரம் கைக்கு வந்ததா என்பதை நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பலர் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ட்ரினிடாடிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் அந்தச் சான்று கேட்கப்படும். இல்லையேல் விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்தும் இடத்துக்குச் செல்ல நேரலாம். பெற்றவர் உடல்நலம் குன்றினார் என்று பதறி ஓடி வரும் வேளையில் இத்தடை எத்தனை கொடியது! கிண்டி கிங் நிறுவனத்தில் இத்தடுப்பூசி போடப்படுகிறது. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுதும் செல்லும். ஆனால் போட்ட பத்து நாட்களுக்குப் பின்னரே சான்று நடைமுறைக்கு வரும். முதியோர் மருத்துவரைக் கலந்துகொண்டே போட்டுக்கொள்ளல் நலம்.

துளசிச் செடி, விதை, கோயில் மண் ஆகியவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள். செடியும் விதையும் மண்ணும் அனுமதியின்றிக் கொண்டுசெல்லத் தகாதவை. துளசி அங்குள்ள இந்துக்களின் முற்றங்களிலேயே வளர்கிறது; அண்டை வீட்டாரிடம் ஒரு கன்று கேட்டுப் பெறலாம். உறவு தொடங்க அதைவிட நல்ல வழி ஏது?

அடுக்களையும் அன்றாடமும்

அங்கே வீட்டின் சாதாரண மின்னிணைப்பு 115 வோல்ட். பிளக்கும் அமெரிக்க வகை. இங்கிருந்து கொண்டுபோகும் மிக்ஸியும் கிரைண்டரும் அதில் சரிவர ஓடா. பெட்டியில் அந்த எடைக்குப் பதில் பித்தளை விளக்கும் இட்லித் தட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

பேச்சு மொழி ஆங்கிலம். வாகனங்கள் நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம் செல்லும். ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம்; ஜூனில் தொடங்கி ஆண்டிறுதி வரை மழை. நாடு 10½ பாகை வட அட்சரேகையில், ஏறத்தாழ நம் தஞ்சாவூருக்கு நேரே உள்ளது. ஆகவே வெயிலும் புழுக்கமும் பழகியவையே. தென்னை, மா, வாழை, முருங்கை எல்லாம் உண்டு. கறிவேப்பிலையைக் ‘கரபிலே’ என்று கேட்டால் சந்தையில் எடுத்துத் தருவார்கள். கப்பலேறிய நம் முன்னோர் விட்டுச் சென்ற சொல் அது! பூஜை விருந்துகளில் ‘சொஹாரி’ என்னும் அகன்ற இலையில் பரிமாறுகிறார்கள்.

இரவில் தனியே நடப்பதைத் தவிர்ப்பதும், போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்வதும் முதல் வாரத்திலேயே கைக்கொள்ள வேண்டியவை.

விரதமும் திதியும்

அந்த அன்னையின் கேள்விக்கு வருவோம். ட்ரினிடாட் நேரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. இங்கு அச்சிட்ட பஞ்சாங்கத்தின் தேதியை அப்படியே அங்கு பின்பற்றினால் பிழை நேரும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஏகாதசி இங்கே செவ்வாய் காலை 9 மணிக்குத் தொடங்கிப் புதன் காலை 8 மணிக்கு முடிவதாகக் கொள்வோம். புதன் சூரியோதயத்தில் ஏகாதசி இருப்பதால் நமக்குப் புதன்கிழமை விரதம். அங்கேயோ அது திங்கள் இரவு 11.30க்குத் தொடங்கிச் செவ்வாய் இரவு 10.30க்கு முடிந்துவிடும். அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமையே விரதம். இராகு காலமும் அவ்வூர்ச் சூரியோதயத்தை ஒட்டியே கணிக்கத் தக்கது.

தந்தையின் திதிக்கும் இதுவே நெறி. அவ்வூரின் பிற்பகலில் எந்தத் திதி நிற்கிறதோ அதைப் பார்க்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்திலேயே குடும்பப் புரோகிதரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி நாட்களைக் குறித்து வாங்கிச் செல்லுங்கள். எள்ளும் அரிசியும் நீரும் சிரத்தையும் இருந்தால் எக்கரையும் தர்ப்பணத்துக்கு உரிய கரையே.

அங்குள்ள கோயில்கள்

வீட்டு முற்றத்தில் மூங்கில் கழியில் செந்நிறக் கொடி பறந்தால் அது இந்துவின் இல்லம் என்றறியலாம். ‘ஜண்டி’ என்னும் அக்கொடியைப் பூஜை முடிந்ததும் நாட்டுவர். கோயில்களில் ஞாயிறு காலையில் கூட்டு வழிபாடு நடக்கிறது. பஜனைப் பாடல்கள் பெரும்பாலும் ஹிந்தியில். தீபாவளியை அவர்கள் அமாவாசை இரவில் லட்சுமி பூஜையாகக் கொண்டாடுகிறார்கள். நம் விடியற்காலை எண்ணெய் நீராடலை வீட்டில் முடித்துக்கொண்டு, மாலையில் அவர்களோடு அகல் ஏற்றலாம்.

வாட்டர்லூ கடற்கரைக் கோயிலை அவசியம் தரிசியுங்கள். சிவதாஸ் சாது என்னும் தோட்டத் தொழிலாளி கரும்பு நிறுவனத்தின் நிலத்தில் ஒரு கோயில் எழுப்பினார். அது இடிக்கப்பட்டது, அவர் சிறை சென்றார். “நிலம்தானே உங்களுடையது? கடல் யாருக்கும் சொந்தமில்லையே!” என்று எண்ணியவர்போல், மிதிவண்டியில் கல் சுமந்து, கடலையே தூர்த்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து மீண்டும் கட்டினார். இந்தியர் வந்திறங்கிய 150ஆம் ஆண்டான 1995இல் அது புதுப்பொலிவு பெற்றது.

பெயர்ந்தும் குலையாதது

முட்டுக்காட்டின் தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு நிற்கிறது. சொந்த ஊரில் தூண் தூணாகப் பிரித்து, இங்கே கொணர்ந்து மீண்டும் எழுப்பிய வீடு அது. இடம் மாறியும் அதன் முற்றமும் திண்ணையும் மாறவில்லை. குடும்ப வழிபாடும் அவ்வாறே. முறையறிந்து பிரித்து எடுத்துச் சென்றால் எங்கும் நிமிர்ந்து நிற்கும்.

“அம்மா, நீங்கள் காலை 6 மணிக்கு விளக்கேற்றும்போது அங்கே முந்தைய இரவு 8.30. உங்கள் மருமகள் ஏற்றிய விளக்கும் அப்போது எரிந்துகொண்டிருக்கும். அந்நேரம் தொலைபேசியில் அழையுங்கள்” என்றோம்.

அந்த அன்னை மருமகளின் பக்கம் திரும்பினார். “எட்டரை வரைக்கும் எரியற மாதிரி எண்ணெய் ஊற்றும்மா” என்றார். பெண் சிரித்தபடி தலையசைத்தாள். அர்ச்சகர் அவர்கள் கையில் புதுமாலையைத் தந்தார்.