அழும் குழந்தைக்கு அபராதம் இல்லை

கோடை விடுமுறை நெருங்கினால் மருந்துக்கடைகளில் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்: "பிளைட்ல குழந்தை அழாம தூங்கறதுக்கு ஏதாவது சிரப் இருக்கா?" கேட்பவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. சென்னையில் ஏறி, துபாயிலோ தோஹாவிலோ மாறி, அமெரிக்காவில் இருக்கும் வீட்டைத் தொடும்போது ஒரு முழு நாள் ஓடியிருக்கும். அத்தனை நேரமும் மடியில் ஒன்றரை வயதுப் பிள்ளை. தூரத்தைவிட அந்தத் தாய்க்கு அதிகக் கலக்கம் தருவது முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு பார்வைதான்.

விமானத்தில் சின்னக் குழந்தைகளுக்கு வரும் ஆபத்துகள் பலவும் இந்தக் கூச்சத்திலிருந்து பிறக்கின்றன என்பது என் எண்ணம். அழுகையை உடனே நிறுத்தியாக வேண்டும் என்ற பதற்றத்தில் மருந்து ஊற்றுகிறோம், வாயில் கடலையைப் போடுகிறோம், பெல்ட்டை அவிழ்த்துவிடுகிறோம், சூடான காபி வண்டி வரும் நடைபாதையில் ஓடவிடுகிறோம். ஆகவே முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அடங்காத பயணிகள் மீது நடவடிக்கை எடுக்க இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. மூன்று நிலைகளை வகுத்திருக்கிறது. வாய்த்துடுக்குக்கு 3 மாதம் வரை, கைகலப்புக்கு 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டோ அதற்கு மேலோ பறக்கத் தடை. பச்சைப்பிள்ளையின் அழுகை இந்த மூன்றில் எதிலும் வராது. பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

இப்போது அந்த சிரப். தூக்கத்துக்காகப் பலர் கேட்டு வாங்குவது அலர்ஜிக்கும் சளிக்கும் தரும் மருந்துகளைத்தான். அவற்றில் புரோமெத்தசின் என்ற மருந்து மூச்சையே ஒடுக்கிவிடக்கூடும் என்பதால், 2 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தின் அட்டையில் '4 வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது' என்று அச்சிட வேண்டும் என இந்தியாவிலேயே 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. டைபென்ஹைட்ரமின் போன்ற மருந்துகள் சில குழந்தைகளைத் தூங்கவைப்பதற்குப் பதிலாகத் துள்ளவைத்துவிடும். வீட்டில் அப்படி நடந்தால் விடிய விடிய விழித்திருக்கலாம். கடலுக்கு மேல் 35,000 அடியில் மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது? பயணத்துக்கென்று டாக்டர் தாமாக எழுதிக் கொடுத்த மருந்து வேறு. கடைக்காரர் சொன்னதும், போன தடவை அக்கா பிள்ளைக்குக் கொடுத்ததும் வேண்டாம்.

பாதி அழுகைக்குக் காரணம் சலிப்புகூடக் கிடையாது, காதுவலி. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பதுபோல இருக்கும். ஊட்டியிலிருந்து அரைமணி நேரத்தில் கடற்கரைக்கு வந்து சேர்ந்தால் காது என்ன பாடுபடும்? விமானம் கீழே இறங்கும்போது அதுதான் நடக்கிறது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். விழுங்கினால் காதுக்குள் அடைப்பு விடும். ஆகவே தாய்ப்பாலையோ புட்டியையோ உறிஞ்சு குழாய் வைத்த டம்ளரையோ அந்த நேரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். 'இறங்கத் தொடங்கிவிட்டோம்' என்ற அறிவிப்பு வந்ததும் கொடுக்க ஆரம்பிக்கலாம். அப்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுவதே நல்லது. தூக்கத்தில் விழுங்குவது குறைவு. சளி பிடித்திருந்தால் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் காதைக் காட்டிவிடுங்கள். உள்ளே காற்றும் மிக வறண்டிருக்கும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. கேட்காவிட்டாலும் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். 100 மில்லி திரவக் கட்டுப்பாடு குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பொருந்தாது. சோதனையில் தனியே எடுத்துக் காட்டினால் போதும்.

பொழுதுபோக்கு என்று வரும்போது பெரும்பாலோர் ஒரே பெரிய பொம்மையை வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள். அது முதல் கால்மணி நேரத்தில் சீட்டுக்கடியில் கிடக்கும். சின்னச் சின்னதாக ஏழெட்டுப் பொருள், ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, ஒன்று சலித்த பிறகு அடுத்தது என்று எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். பிரிப்பதே ஒரு விளையாட்டு. ஒன்றரை முதல் மூன்று வயது வரைதான் மிகவும் கஷ்டமான வயது. அவர்களுக்குக் கதையும் பிடிபடாது, உட்காரவும் மாட்டார்கள். அந்த வயதுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப் ஒரு சுருள் போதும். சீட்டின் முன்பலகையில் நீளமாக ஒட்டிக் கொடுத்தால் நகத்தால் சுரண்டி உரித்துக்கொண்டே இருப்பார்கள். உரித்ததை அப்பாவின் மூக்கில் ஒட்டுவார்கள். பிசுக்கு விடாது, சத்தம் வராது, கீழே விழுந்தாலும் உருண்டு ஓடாது. பணிப்பெண்களிடம் காலி காகிதக் கோப்பை நாலைந்து கேட்டால் அடுக்கவும் கவிழ்க்கவும் ஆகும். துப்பட்டாவோ சேலை முந்தானையோ இருந்தால் கண்ணாமூச்சி. நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு மேஜிக் சிலேட், ஸ்டிக்கர் புத்தகம், பாட்டி வீட்டுக்குப் போகும் விமானத்தைப் பற்றி அவர்களே நாயகராக வரும் ஒரு நீளமான கதை.

எடுத்துப் போகக் கூடாதவை இன்னும் முக்கியம். பாசிமணி, கோலிக்குண்டு, புளியங்கொட்டை, காந்த உருண்டை, பட்டன் பேட்டரி போட்ட எந்த விளையாட்டுச் சாமானும் வேண்டாம். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்தில் அரித்துவிடும். அட்லாண்டிக்கின் நடுவே இருக்கும் விமானம் தரை தொடுவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகலாம். நாலைந்து வயது வரை நிலக்கடலை, முந்திரி, பாப்கார்ன், முழுத் திராட்சை, கெட்டியான மிட்டாய் எதுவும் விமானத்தில் வேண்டாம். மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். இட்லி, வாழைப்பழம், நன்றாக வேகவைத்த ஆப்பிள் என்று வைத்துக்கொண்டால் ஆபத்தில்லை. மிச்சப் பழத்தை அமெரிக்காவில் இறங்குவதற்கு முன் தின்று தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுங்க அதிகாரியிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

திரையே கூடாது என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. பதினான்கு மணி நேரம் ஒரே நாற்காலியில் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தால் எந்தக் கொள்கையும் தளர்ந்துவிடும். முதல் பாதியில் மற்றவற்றைச் செலவழித்துவிட்டு டேப்லெட்டைக் கடைசிக்கு வையுங்கள், அவ்வளவுதான். வீட்டிலேயே படங்களைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். என்ஜின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார்கள், ஆகவே 85 டெசிபலுக்கு மேல் போகாத குழந்தைகளுக்கான ஹெட்போன் வாங்குங்கள். பவர் பேங்க் விஷயத்தில் விதிகள் மாறிவிட்டன. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்த விமானத்தில் தீப்பிடித்தபோது சந்தேகம் ஒரு பவர் பேங்க் மீது விழுந்தது. அதன்பின் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டன. பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும். கிளம்பும்போதே எல்லாவற்றையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். போனோ டேப்லெட்டோ சீட்டின் இடுக்கில் விழுந்துவிட்டால் சீட்டைச் சாய்த்துத் தேடாதீர்கள். நசுங்கினால் பேட்டரி தீப்பற்றும். பணியாளரைக் கூப்பிடுங்கள்.

மடியா, தனி இருக்கையா?

இரண்டு வயது நிறையும்வரை மடியில் வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். இந்தச் சலுகையில் ஒளிந்திருக்கும் ஆபத்தை உலகம் 1989 ஜூலை 19 அன்று பார்த்தது. அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் நொறுங்கி இறங்குவதற்கு முன், மடிக்குழந்தைகளைப் போர்வையில் சுற்றிக் கால்களுக்கிடையே தரையில் வைக்கும்படி பெற்றோரிடம் சொல்லப்பட்டது. அன்றைய விதி அதுதான். நான்கு குழந்தைகளில் ஒருவன் இறந்தான். அந்த அறிவுரையைச் சொன்ன தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் பிழைத்து, குழந்தைக்குத் தனி இருக்கையும் பாதுகாப்பு நாற்காலியும் கட்டாயமாக வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். அமெரிக்காவில் இன்றும் அது கட்டாயமாகவில்லை. ஆனாலும் அதுதான் மிகப் பாதுகாப்பான வழி என்று அந்நாட்டு விமானத் துறையே சொல்கிறது. காசு கட்டுப்படியாகும் வீடுகள் தனி சீட்டு வாங்கிவிடுவதே சரி என்பேன். கார் சீட்டின் அட்டையில் விமானத்துக்கும் ஏற்றது என்ற சான்று இருக்கிறதா என்று பாருங்கள், நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

முடியாதவர்கள் இதையாவது செய்யலாம். உங்கள் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டாதீர்கள். விமானம் குலுங்கினால் உங்கள் எடை முழுதும் அதன் வயிற்றில் இறங்கும். பல நிறுவனங்கள் உங்கள் பெல்ட்டோடு கோத்துக்கொள்ளும் குழந்தை பெல்ட் தரும், கேட்டு வாங்குங்கள். அமெரிக்க நிறுவனங்களில் ஏறும் இறங்கும் நேரத்தில் அதற்கு அனுமதி கிடையாது. சுவரோரத் தொட்டில் கிடைத்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் எடை வரம்பு மாறும். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் நடுவானில் குலுங்கியதில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். பெல்ட் விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு பெல்ட் இருக்கட்டும்.

சீட் எண்ணைப் பார்த்ததும் அம்மா 12-ஆம் வரிசை, பிள்ளை 27-ஆம் வரிசை என்று திகைப்பவர்கள் நிறைய. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு அதே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோரில் அல்லது பாதுகாவலரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டி.ஜி.சி.ஏ. இந்திய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. 'அதே பி.என்.ஆர்.' என்பதைக் கவனியுங்கள். தாத்தா ஒரு தளத்திலும் மருமகள் இன்னொரு தளத்திலும் டிக்கெட் போட்டால் இந்த உரிமையைக் கேட்க முடியாது. சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டச் சொன்னால் இந்த உத்தரவைச் சொல்லுங்கள்.

ஆட்டிசம் உள்ள அல்லது வேறு மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொரு பலம் இருக்கிறது. 2022 மே மாதம் ராஞ்சியில், பதற்றமாக இருந்த ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை இண்டிகோ ஏற்ற மறுத்தது. டி.ஜி.சி.ஏ. 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்ததோடு விதியையும் திருத்தியது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டி ஏற்ற மறுக்கக் கூடாது. வழியில் உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் நினைத்தால், விமான நிலைய டாக்டர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகே முடிவெடுக்க வேண்டும். டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

காபி கொட்டினால்

2015-இல் மயோர்காவிலிருந்து வியன்னாவுக்கு அப்பாவோடு பறந்துகொண்டிருந்த ஒரு சிறுமி. அப்பாவின் முன்பலகையில் மூடியில்லாத காபி. அது சரிந்து அவள் தொடையிலும் மார்பிலும் கொட்டி, தோல் வெந்துபோனது. கோப்பை ஏன் சரிந்தது, பலகை பழுதா, விமானம் அதிர்ந்ததா என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. பறப்பதால் வந்த ஆபத்து இது இல்லை, ஆகவே பொறுப்பும் இல்லை என்று விமான நிறுவனத் தரப்பு வாதிட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பர் 19 அன்று அந்த வாதத்தை ஏற்கவில்லை. பயணிகளுக்குப் பரிமாறும் பொருளால் விமானத்துக்குள் காயம் ஏற்பட்டால் அது விபத்துதான், பறப்பதோடு தொடர்பிருக்க வேண்டிய அவசியமில்லை என்றது. அந்தத் தீர்ப்பு எழுந்தது, வெளிநாட்டு விமானப் பயணத்தில் நிறுவனங்களின் பொறுப்பை வகுக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ். இந்தியாவும் 2009 முதல் அதில் இருக்கிறது. ஐரோப்பியத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டி வாதாடலாம். அந்த உடன்படிக்கையின்படி ஒரு வரம்புவரை நிறுவனத்தின் மீது தவறு இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கவனக்குறைவு காரணமென்றால் தொகை குறையலாம். மடியில் பிள்ளை இருக்கும்போது சூடானது எதுவும் வாங்காதீர்கள், நடைபாதை சீட்டில் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள்.

எது நடந்தாலும் விமானத்தை விட்டு இறங்குவதற்கு முன் பணியாளரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், போட்டோ எடுங்கள், போர்டிங் பாஸை எறியாதீர்கள். ஸ்ட்ரோலர் உடைந்து வந்தால் பெட்டி வரும் இடத்திலேயே புகார் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் உடைந்த சாமானுக்கு 7 நாள், தாமதமாக வந்ததற்கு 21 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான புகார் போயிருக்க வேண்டும். வழக்குக்கு 2 ஆண்டு.

தாமதத்துக்கும் கணக்கு உண்டு. இந்திய நிறுவனத்தின் நீண்ட தூர விமானம் 4 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் காத்திருப்போருக்கு உணவு தர வேண்டும். இரவு 8 முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டியது 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தங்குமிடமும் உண்டு. பிராங்க்பர்ட் போன்ற ஐரோப்பிய ஊரிலிருந்து கிளம்பும் விமானம் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், சென்னைக்கு 4 மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தால் நபருக்கு 600 யூரோ இழப்பீடு கேட்கலாம். வானிலை போன்று நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் கிடைக்காது. டிக்கெட் வாங்கிய பிள்ளைக்கும் தனியாக ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

புகார் என்று வந்தால் முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல், பதில் சரியில்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளம், 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியிலோ துபாயிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.