மெயில் வருது சார், போகத்தான் மாட்டேங்குது!

வாங்க, வாங்க, சத்தம் போடாமல் ஏறி வாங்க! செருப்பை இந்த ஓரமாக விடுங்கள், அந்தப் பக்கம் ஏணி சாத்தியிருக்கிறது. தாம்பரம் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருக்கிறோம். கீழே பருப்பு வாசனை, மேலே சூடான பிளாஸ்டிக் வாசனை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இணையம் இந்த இரண்டு அறைகளிலிருந்துதான் புறப்படுகிறது. வாடிக்கையாளர்கள் எல்லாரும் பில் கட்டும் கவுன்டரோடு திரும்பிவிடுவார்கள். திரைக்குப் பின்னால் போக நமக்கு அனுமதி கிடைத்திருக்கிறது! பெயரைப் போட வேண்டாம் என்பது மட்டும்தான் இங்கே இருப்பவர்கள் கேட்டுக்கொண்டது.

முதலில் இந்த அலங்கோலத்தைக் கண்குளிரப் பாருங்கள். மஞ்சள் ஃபைபர் வயர் சுருள் சுருளாகத் தரையில் கிடக்கிறது. துணி போடும் பிளாஸ்டிக் கூடை நிறைய செத்துப்போன ரௌட்டர்கள். அடாப்டர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு மூட்டையாகவே ஆகிவிட்டன. உள் அறையில் ஆள் உயர ரேக், அதில் பச்சை விளக்குகள் விடாமல் கண்சிமிட்டுகின்றன. ரேக்கின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கின்றன. அந்த அறையில் மட்டும் ஏசி. “மெஷினுக்கு ஏசி, எங்களுக்கு ஃபேன். மெஷின் லீவு கேட்காது இல்ல, அதனால அதுக்குத்தான் மரியாதை” என்று சிரிக்கிறார் ஹெட்செட் மாட்டிய பெண். அந்த ஃபேனும் கடகடவென்று சுற்றுகிறதே தவிர, காற்று பாதி மேஜையோடு நின்றுவிடுகிறது.

நான் ஆசைப்பட்டு வந்தது ஒரு குறிப்பிட்ட கேஸைப் பார்க்கத்தான். நெட்டே வரவில்லை என்றால் அது சிவப்பு லைட் கேஸ், எங்கோ பள்ளம் தோண்டி ஃபைபரை அறுத்திருப்பார்கள். ஏணியோடு ஆள் போவார், முடிந்தது. ஆனால் யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் ஓடும், வருகிற மெயில் எல்லாம் வந்துகொண்டே இருக்கும், அனுப்புகிற மெயில் மட்டும் அவுட்பாக்ஸில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பாருங்கள், அதற்கு இங்கே ‘போகாத கேஸ்’ என்று பெயர். அந்த அழைப்பு வந்ததும் அறையில் எல்லாருடைய காதும் நிமிர்கிறது!

இதோ வந்துவிட்டது. குரோம்பேட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு ஆடிட்டர். ஸ்பீக்கரில் போட்டார்கள். “ஏம்மா, பழைய கனெக்‌ஷன்ல ஜம்முனு போய்ட்டிருந்தது. உங்க கிட்ட மாத்தின நாள்லேர்ந்து ஒண்ணும் போகல. கிளையன்ட் உயிரை எடுக்கிறார்!”

அந்தப் பெண் பதறவே இல்லை. “சார், மெயில் வருதா?”

“வருது.”

“போகத்தான் மாட்டேங்குதா?”

“அதைத்தானே இவ்வளவு நேரமா சொல்றேன்!”

அந்த இரண்டே கேள்வியில் பாதி நோய் தெரிந்துவிட்டதாம். வருகிற மெயிலுக்கு ஒரு வழி, போகிற மெயிலுக்கு வேறு வழி. கணினிக்குள் சர்வர் பெயரும் எண்ணும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். ஒன்று திறந்திருக்கும்போதே இன்னொன்று சாத்தியிருக்கலாம். வெளியே நின்று பார்க்கும் நமக்கு ‘நெட் சரியில்லை’ என்ற ஒரே புகார்தான், உள்ளே வந்தால் எத்தனை கதவுகள்!

மூலையில் ஒரு நாற்காலி இருக்கிறதே, கை உடைந்து டேப் சுற்றியது, அதுதான் இங்கே சிம்மாசனம். அதில் இருப்பவரை எல்லாரும் ‘அண்ணே’ என்கிறார்கள். டயல்அப் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறவர். ஆடிட்டரின் பேச்சை அரைக் காதால் கேட்டவர், டீயைக் கீழே வைக்காமலே சொன்னார்: “இருபத்தஞ்சு.”

இருபத்தைந்தா? நான் நோட்டைத் திறக்க, அவர் உற்சாகமாகிவிட்டார். மெயில் அனுப்பும் முறைக்கு ஜான் போஸ்டல் என்பவர் விதி எழுதிய ஆண்டு 1982. அன்றைக்கு ஒதுக்கிய போர்ட் எண் 25. யார் வந்து மெயிலைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. ஒருவரையொருவர் நம்பும் சின்ன உலகமாக அது இருந்தது. “ஆனா அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே ஒரு ஆள் வேலையைக் காட்டிட்டான் தம்பி!” 1978 மே மாதம், கேரி துர்க் என்ற கணினி விற்பனை அதிகாரி, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். ஸ்பாமின் பிள்ளையார் சுழி அதுதான். பிறகு வீட்டுக் கணினிகளுக்குள் வைரஸ் புகுந்து, வீட்டுக்காரருக்கே தெரியாமல் 25 வழியாக ஆயிரக்கணக்கில் குப்பை மெயில் அனுப்ப ஆரம்பித்தது. அதனால் உலகெங்கும் வீட்டு இணைப்பு கொடுக்கிறவர்கள் அந்தக் கதவைப் பூட்டினார்கள். பிரேசில் இதை நாடு தழுவிய வேலையாகவே எடுத்துச் செய்தது. ஸ்பாம் பட்டியல்களின் உச்சியில் இருந்த நாடு அதன்பிறகு மளமளவென்று கீழே இறங்கியது. இந்த மாடியிலும் அதே பூட்டுதான்.

“அப்போ வீட்லேர்ந்து மெயில் எப்படிப் போகும்?” என்று கேட்டேன். கேள்விக்காகவே காத்திருந்தவர் முகம் மலர்ந்தது. “தபாலாபீஸ் தெரியும்ல? ஆபீஸுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல மூட்டை போற வழி 25. நாம லெட்டரை நீட்டுற கவுன்டர் 587. கவுன்டர்ல யாரு எவருன்னு கேப்பான், பாஸ்வேர்டு கொடுக்கணும், அவ்வளவுதான்.” அந்தக் கவுன்டருக்கு 1998-லேயே எண் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் பழைய கணினிகளில், பழைய அமைப்புகளில், 25 இன்னமும் குடியிருக்கிறது. ஆடிட்டரின் கணினியும் அப்படித்தான் என்பது அண்ணனின் தீர்ப்பு.

அதை நிரூபித்துக் காட்டுகிறார்கள், நாற்காலியை இழுத்துப் போடுங்கள்! மேஜையில் ஒரு லேப்டாப். வாடிக்கையாளர் வீட்டில் என்ன ரௌட்டரோ, என்ன இணைப்போ, அச்சு அசலாக அதேதான் இதிலும். கறுப்புத் திரை. ‘டெல்நெட்’ என்று அடித்து, ஆடிட்டரின் மெயில் சர்வர் பெயர், பக்கத்தில் 25. எண்டர். ஒன்றுமில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது. எல்லாரும் திரையையே பார்க்கிறோம். டீ கொண்டுவந்த பையனும் தட்டோடு நின்றுவிட்டான். கடைசியில் ‘இணைக்க முடியவில்லை’ என்று ஒரு வரி. அதே பெயர், இப்போது 587. எண்டரிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில்: 220! சர்வர் “நான் தயார்” என்று சொல்லும் எண் அது. அண்ணன் கையாலேயே ஒரு வணக்கம் அடிக்கிறார், 250, 250, 250 என்று வரிவரியாகக் கொட்டுகிறது. விடைபெற்றால் 221 என்று மரியாதையாக வழியனுப்புகிறது. நாம் பொத்தானை அமுக்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சம்பாஷணை நடக்கிறதா! எனக்குப் புல்லரித்துவிட்டது.

இனி ஆடிட்டரை அழைத்துக்கொண்டு போக வேண்டும், தொலைபேசியிலேயே. அவர் திரை இவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொள்கிறார். “சார், மேல ஃபைல். அக்கவுண்ட் செட்டிங்ஸ். உங்க மெயில் ஐடி மேல ரெண்டு தட்டு. மோர் செட்டிங்ஸ்னு இருக்கா? இல்லையா? கீழ பாருங்க, வலது பக்கம்.” இதையெல்லாம் மனத்துக்குள் பார்த்துத்தான் சொல்கிறார்! அட்வான்ஸ்டு பக்கத்தில், அவுட்கோயிங் என்ற இடத்தில், சாட்சாத் 25. அறையில் ஒரு சின்ன ஆரவாரம். அதை 587 ஆக்கி, குறியாக்கத்தை மாற்றி, ‘அனுப்பவும் பாஸ்வேர்டு கேள்’ என்ற கட்டத்தில் டிக் போட வைத்தார். சற்று நேரம் அமைதி.

“போயிடுச்சும்மா! போயிடுச்சு!” என்று கத்தினார் ஆடிட்டர். அடுத்த நொடி, “ஐயையோ!” போகவில்லையே என்ற பதற்றத்தில் அவர் அதே மெயிலைத் திரும்பத் திரும்ப அனுப்பி வைத்திருக்கிறார். மொத்தமும் வரிசை கட்டி கிளையன்ட் வீட்டுக்குக் கிளம்பிவிட்டது! இங்கே மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார்கள், அங்கே ஆடிட்டரும் சிரிக்கிறார்.

மதியம் ஒரே டிபன் கேரியரைச் சுற்றிச் சாப்பாடு. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், யார் வீட்டிலிருந்தோ வந்த மாவடு. ஹெட்செட்டை யாரும் முழுதாகக் கழற்றவில்லை, ஒரு காதில் தொங்குகிறது. எதிர்பார்த்தபடியே ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் லைனில் வந்தார். தண்டர்பேர்டில் ஜிமெயில் போகவில்லை, 535 என்று ஏதோ வருகிறது என்றார். 535 என்றதும் இவர்கள் முகத்தில் ஒரே மகிழ்ச்சி. ஏன் தெரியுமா? லைன் சரி, சர்வர் வரை போயாயிற்று, அங்கே பாஸ்வேர்டை மட்டும் ஏற்கவில்லை என்று அர்த்தம்.

“பாஸ்வேர்டுதானே, எழுதிக்கோம்மா...” என்று அவர் ஆரம்பித்ததும், அந்தப் பெண் வறுவல் கையோடு ஹெட்செட்டைப் பிடுங்கித் தூர நீட்டுகிறார். “ஐயா, சொல்லாதீங்க! யார்கிட்டயும் சொல்லாதீங்க!” கேட்டுவிடாமல் இருக்க அவர் எடுத்துக்கொண்ட பாடு இருக்கிறதே, அதைப் பார்த்தபோது இந்த ஆட்கள் மேல் எனக்கு மரியாதை இரட்டிப்பானது. ஜிமெயில் 2022 மே 30-லிருந்து பழைய செயலிகளுக்கு வழக்கமான பாஸ்வேர்டை ஏற்பதில்லை. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்தில் தனிப் பாஸ்வேர்டு ஒன்று எடுக்க வேண்டும். நந்நான்கு எழுத்தாக அது திரையில் வரும். “கண்ணாடி போட்டுட்டு வரேன், இரும்மா” என்று போனவர் சாவகாசமாக வந்தார். அவரே அடித்தார், அவரே அனுப்பினார். மெயில் போனதும் “நூத்துக்கு நூறு!” என்று மதிப்பெண்ணும் போட்டுவிட்டுத்தான் வைத்தார்.

சாயங்காலம் ஃபீல்டு தம்பியின் பைக்கில் தொற்றிக்கொண்டேன். சட்டை முதுகில் ஒட்டிப்போயிருக்கிறது, தோளில் பை, அதில் கட்டர், டேப், ஒரு பாட்டில் மோர். வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் ஒரு அக்காவின் வீடு. ஹால் முழுக்க மாதிரிப் பத்திரிகைகள், தங்க ஓரம், மயில், பிள்ளையார். “சின்ன மெயில் எல்லாம் போகுது தம்பி, டிசைன் மட்டும் திரும்பி வருது. 25 எம்பி வரைக்கும் போகும்னாங்க, இது 20 எம்பி-தானே!” தம்பி ரௌட்டரைத் தொடவே இல்லை. மெயிலோடு ஒட்டி அனுப்பும் கோப்பு வழியில் எழுத்துகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 20 என்பது 27-ஐ நெருங்கிவிட, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பக் கற்றுக்கொடுத்தார். அக்கா எங்கள் கையில் இரண்டு டம்ளர் ரோஸ்மில்க்கைத் திணித்தார். தம்பி ஒரே மூச்சில் குடித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏணி ஏறாமல் முடிந்த கேஸ் அவருக்குத் திருநாள்!

திரும்பி வந்தால் மாடியில் ஒரே பரபரப்பு. கடைக்காரர் ஒருவர், “என் ஐபி பிளாக்லிஸ்ட்ல இருக்காம், யாரோ ஹேக் பண்ணிட்டாங்க!” என்று அழாத குறை. அண்ணன் பொறுமையாகச் சொன்னார். ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பு வீட்டு இணைப்புகளின் ஐபி வரிசைகளை ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. இவை சர்வரைப் போல நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத முகவரிகள் என்பதுதான் அதன் பொருள். இணைய நிறுவனங்களே சேர்த்துவிடுவதும் உண்டு. அதில் பெயர் இருப்பது குற்றமில்லை. போதாக்குறைக்கு ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், பக்கத்து வீட்டு வைரஸுக்கும் நம் தலை உருளலாம். “கவுன்டர் வழியா அனுப்புங்கண்ணே, யாரும் தடுக்க மாட்டான்” என்று 587-ஐப் போட வைத்தார். போயிற்று.

பஜ்ஜிப் பொட்டலம் பிரிந்தது. எண்ணெய் விரலோடு அந்தப் பெண் உங்களிடம் சொல்லச் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை மெயில் போகாவிட்டால், திரையில் வரும் பிழைச் செய்தியை மூடிவிடாதீர்கள். அதிலுள்ள மூன்று இலக்க எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கூப்பிடுங்கள். மெயில் வருகிறதா, போகவில்லையா என்பதை முதலில் சொல்லுங்கள். அனுப்பு பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்காதீர்கள். பாஸ்வேர்டை மட்டும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், யாரிடமும் சொல்லாதீர்கள்.