முதியோர் இல்லங்களில் பல் வைத்தியம்

பாரத நாட்டின் முதல் பல் வைத்தியக் கல்லூரி கல்கத்தாவில் 1920ஆம் ஆண்டில் தோன்றியது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய டாக்டர் ரபியுத்தீன் அகமது அதனை நிறுவினார். ஐஸ்கிரீம் கடை ஒன்றின் வருவாயைக் கொண்டு அவர் அதனை நடத்தி வந்தார் என்பது வியப்புக்குரிய செய்தி. 1949இல் கல்லூரியை அவர் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவருடைய பெயரைத் தாங்கிய அக்கல்லூரி இன்று ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ் சாலையில் உள்ளது. அதே சாலையில்தான், 1882இல் அந்நகருக்கு வந்த 'ஏழைகளின் சிறு சகோதரிகள்' சபையாரின் முதியோர் இல்லமும் இருக்கிறது.

இவ்வாறு கல்லூரியும் இல்லமும் ஒரே சாலையில் அமைந்திருந்தாலும், படுக்கையை விட்டு எழ இயலாத முதியவருக்குப் பல் வைத்தியரின் நாற்காலி எட்டாத தொலைவிலேயே உள்ளது. வண்டி வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், படியேற வேண்டும். (கொல்கத்தாவில் 'நர்சிங் ஹோம்' என்பது சிறிய தனியார் வைத்தியசாலையையே குறிக்கும், இங்குப் பேசப்படுவது 'விருத்தாசிரமம்' எனப்படும் முதியோர் இல்லம்.)

முதுமையில் பல் கெடுவதற்கு வயது மட்டுமே காரணமன்று. இரத்த அழுத்தம், மனச் சோர்வு முதலியவற்றுக்காக உட்கொள்ளும் மருந்துகளுள் பல உமிழ்நீரைக் குறைத்து விடுகின்றன. பல்லைக் காக்கும் இயற்கைக் கவசம் உமிழ்நீரே. அது வற்றினால், ஈறு சுருங்கி வெளிப்பட்ட வேர்ப்பகுதி விரைவில் சொத்தையாகிறது. கை நடுங்குவோர் தாமே பல் துலக்கவும் இயலாது. மறதி நோயுற்றவரோ வலியைச் சொல்லவும் அறியார். உணவை மறுப்பதே அவரிடம் காணும் அறிகுறி.

வாயிலுள்ள கிருமிகள் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்குவதும் உண்டு. ஜப்பானில் 11 இல்லங்களில் இரண்டாண்டுகள் நிகழ்ந்து 1999இல் வெளியான ஆராய்ச்சியில், வாய்ப் பராமரிப்புப் பெற்றோருள் நூற்றுக்கு 11 பேருக்கும், பெறாதோருள் 19 பேருக்கும் அந்நோய் கண்டது. ஆயினும் 2015இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று இத்தகைய நன்மையைக் காணவில்லை. ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. எனினும் வலியின்றி உண்பதற்கு ஆராய்ச்சிச் சான்று எதற்கு?

கருவிகளைக் கொண்டு வைத்தியரே இல்லத்துக்குச் செல்வது அரிய காரியமன்று. சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி அடைக்கலாம். இதற்கு மின்சாரத் துளைக்கருவி தேவையில்லை. வெள்ளி டையமீன் புளோரைடு என்னும் திரவத்தைத் தடவினால், பல்லைத் துளைக்காமலேயே சொத்தை பரவுவதைத் தடுக்க இயலும். ஜப்பானில் இது 1970 முதல் வழக்கில் உள்ளது. பூசிய இடம் கறுத்துப் போவதே இதன் குறை. கடைவாய்ப் பல்லாயின் அது பெரிதன்று.

ஆனால் வைத்தியர் வருவது எப்போதாவது ஒரு நாள். மற்ற நாட்களில் பொறுப்பு இல்லப் பணியாளரையே சாரும். பொய்ப்பல் செட்டை இரவில் கழற்றித் துலக்கித் தூய நீரில் இடுதல், காலையும் இரவும் புளோரைடு பற்பசையால் துலக்கி விடுதல், வாய்ப்புண் இரு வாரங்களுக்கு மேல் ஆறாதிருந்தால் உடனே வைத்தியருக்கு அறிவித்தல் ஆகிய பணிகளை அவர்களுக்குச் சில மணி நேரத்தில் கற்பித்து விடலாம். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உடையோரிடத்தில் ஆறாத புண் புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கக் கூடும்.