வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்

இலண்டனில் மொழிபெயர்ப்பாளராக வைத்தியர்களின் அறைகளில் நான் கண்டதைச் சொல்கிறேன். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் எம்மவர்கள் நித்திரையில்லை, தலையிடி என்றெல்லாம் சொல்வார்கள். தம்மைத் தாமே காயப்படுத்துவதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

வெட்கம் ஒரு காரணம். பொலிசுக்குப் போய்விடும் என்ற பயம் இன்னொன்று. இலங்கையில் 1998 வரை தற்கொலை முயற்சி குற்றம். அதற்கு முன் வந்தவர்களிடம் அந்தப் பயம் போகவில்லை. இங்கிலாந்தில் 1961 முதல் அது குற்றமில்லை. நீங்கள் சொல்வதை வைத்தியர் இரகசியமாக வைத்திருப்பார். பெரும் ஆபத்து என்றால் மட்டுமே, உதவக்கூடியவர்களுக்குத் தெரிவிப்பார்.

ஏன் சொல்லவேண்டும்? இந்தக் குளிசைகள் வேலைசெய்யச் சில வாரங்கள் எடுக்கும். ஆரம்பத்தில் சிலருக்கு, முக்கியமாக இளவயதினருக்கு, சாகும் எண்ணம் கூடலாம். விசயம் தெரிந்தால் வைத்தியர் ஒரு வாரத்திலேயே திரும்பப் பார்ப்பார், குளிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம், மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்தவேண்டாம்.

எப்போது தொடங்கியது, குளிசைக்குப் பிறகு கூடியதா, சாகவேண்டும் என்று நினைக்கிறீர்களா: இந்த மூன்றையும் சொல்லுங்கள். வாயால் வராவிட்டால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். நேரம் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்; காசில்லை. பிள்ளையைக் கொண்டு கதைக்க வேண்டாம். பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாயும் இதைச் சொல்லமாட்டாள்.

பொறுக்கமுடியாத நேரத்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999. யாரிடமாவது கதைக்கவேண்டும் போலிருந்தால் சமாரித்தன்ஸ், 116 123. இரவு பகல் எந்நேரமும் இலவசம்.