அரக்கோணத்து வானமும் விசாகப்பட்டினத்துக் கரையும்

விசாகப்பட்டினத்தின் கடற்கரைச் சாலையில் ஒரு பக்கம், 2001-இல் ஓய்வுபெற்ற குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். சாலையைக் கடந்தால் எதிரே டியு-142எம் விமானம், நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கவே செய்யப்பட்டது. இரண்டும் சோவியத் தயாரிப்பு. எதிரெதிரே வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்றே எனக்குப் படுகிறது.

1988-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த டியு-142எம் விமானங்கள் மொத்தம் எட்டு. முதலில் கோவாவில் இருந்தன. 1992 முதல் அரக்கோணத்துக் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளி. 2017 மார்ச்சில் விடைபெறும்வரை கால் நூற்றாண்டு அங்கிருந்தே பறந்தன. நீளம் 53 மீட்டர். நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பல்லர்கள். அந்த இரைச்சலைக் கேட்டவர்கள் அண்ணாந்து பார்க்காமலே சொல்லிவிடுவார்கள், போவது எதுவென்று.

இன்று அதே தளத்தில், அதே வேலைக்குப் பி-8ஐ விமானங்கள். முதல் விமானம் 2013 மே மாதம் வந்து இறங்கியது. போயிங் 737-இன் வழிவந்தது, நீளம் 39.5 மீட்டர், ஜெட் எஞ்சின்கள் இரண்டே. தலைக்கு மேல் போனால், சென்னையில் இறங்கப்போகும் பயணிகள் விமானம் என்று நினைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.

விசாகப்பட்டினத்தில் டியு-142எம் நிற்கும் அருங்காட்சியகத்தில் சோனோபாய்களையும் வைத்திருக்கிறார்கள். விமானத்திலிருந்து வீசினால் கடலில் மிதந்து, அடியில் கேட்கும் ஒலியை ரேடியோ வழியே மேலே அனுப்பும் குழாய்கள். பி-8ஐயும் இவற்றைத்தான் வீசுகிறது. கடலடி இரும்பால் பூமியின் காந்தப்புலம் சற்றே பிசகுவதை உணரும் கருவியும் அதன் வாலில் உண்டு. அமெரிக்கா தன்னுடைய பி-8ஏ-யில் அதை விட்டுவிட்டது, இந்தியா கேட்டு வாங்கிக்கொண்டது. ஆனால் பழைய விமானத்தின் வாலில் இருந்த இரட்டைப் பீரங்கி புதியதில் இல்லை. கேட்டதையும் கண்டதையும் கணினி சேர்த்துத் திரையில் காட்டுகிறது. பறந்தபடியே கப்பல்களுக்கும் அனுப்பிவிடலாம்.

கூடியது கூர்மை, குறைந்தது எட்டும் தூரம். டியு-142எம் ஒரே மூச்சில் சுமார் 12,000 கிலோமீட்டர் பறக்கும். பி-8ஐ, இடையில் எரிபொருள் நிரப்பாவிட்டால், ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் போய், நான்கு மணி நேரம் சுற்றித் தேடிவிட்டுத் திரும்ப வேண்டும். அரக்கோணத்து ஓடுதளத்தின் நீளமோ 4 கிலோமீட்டருக்கும் மேல். புதியது அதில் ஒரு பகுதியைத் தொடாமலே மேலெழுந்துவிடுகிறது.