திப்புவின் கோடை மாளிகையும் மனை வாங்குவோர் அறிய வேண்டிய விதியும்

மர்பி டவுனிலிருந்து மைசூருக்குச் செல்வோர், அந்நகரை அடைவதற்குச் சுமார் 15 கி.மீ. முன்னதாக ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் காண்கின்றனர். சிற்றூரின் அமைதி மாறாத இவ்விடத்தில், காவிரிக் கரைத் தோட்டத்தின் நடுவே தரியா தௌலத் என்னும் கோடை மாளிகை உள்ளது.

திப்பு சுல்தான் 1784ஆம் ஆண்டு எழுப்பிய இம்மாளிகை பெரும்பாலும் தேக்கு மரத்தால் ஆனது. உயர்ந்த மேடையும் சுற்றிலும் அமைந்த அகன்ற தாழ்வாரங்களும் வெயிலை உள்ளே விடாமல் தடுக்கின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780இல் ஆங்கிலேயப் படை தோற்ற காட்சி இதன் மேற்குச் சுவரில் தீட்டப்பட்டுள்ளது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஆர்தர் வெல்லெஸ்லி இங்குத் தங்கினார். மங்கியிருந்த ஓவியங்களைப் புதுப்பிக்க 1855இல் டல்ஹௌசி பிரபு ஆணையிட்டார். தம்மவரின் தோல்வியைக் காட்டும் ஓவியத்தையே ஆட்சியாளர்கள் காத்தனர் என்பது வியப்புக்குரியது.

இன்று இம்மாளிகை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இத்தகைய சின்னங்களுக்கு அருகில் மனை வாங்குவோர் ஒரு விதியை அறிதல் வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பக் கூடாது. பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி தேவை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்டலாம். மீறுவோருக்கு ஈராண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இது தொலைவிலுள்ள ஊர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. பெங்களூரில் கலாசிப்பாளையத்தை அடுத்து, 1791இல் கட்டி முடிக்கப்பட்ட திப்புவின் கோடை அரண்மனையும் இவ்வாறே பாதுகாக்கப்பட்டதாகும்.

எனவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே மூன்றைச் சரிபார்க்குமாறு பரிந்துரைக்கிறோம். மனை எந்தச் சின்னத்திற்காவது 300 மீட்டருக்குள் உள்ளதா? அத்தொலைவு கட்டடத்தின் சுவரிலிருந்து அன்றி, பாதுகாப்பு எல்லையிலிருந்து அளக்கப்பட்டதா? உரிய அதிகாரியின் அனுமதிக் கடிதம் விற்பவரிடம் உள்ளதா? கிரயப் பத்திரமும் கத்தாவும் குறையின்றி இருப்பினும், அவை கட்டுவதற்கான அனுமதி ஆகா. வீட்டுக்கடன் விண்ணப்பத்தின்போது வழக்கறிஞர் இக்குறையைக் கண்டறிந்தால் கடன் தடைபடலாம். அதற்குள் வாடிக்கையாளரின் சேமிப்பு முன்பணமாகக் கைமாறியிருக்கும். ஆவணங்களின் நகலுடன் முதலில் கிளைக்கு வருவீர்களாயின், அவ்விழப்பைத் தவிர்க்க நாம் உதவ இயலும்.